நிலம் விவசாயிக்கு, இயந்திரம் யாருக்கு? மெக்சிகோவின் கற்றாழை மண்ணில் நிலச் சீர்திருத்தம்

சுருக்கமாக:

• மெக்சிகோவின் யுகடான் மாநிலத்தில் 1937-ல் பெரிய கற்றாழைப் பண்ணைகள் பிரிக்கப்பட்டு, அவற்றில் உழைத்த மாயா மக்களிடம் ஒப்படைக்கப்பட்டன.

• நிலம் கைமாறியது. ஆனால் நார் பிரிக்கும் இயந்திரம், கடன், சந்தை மூன்றும் விவசாயியின் கட்டுப்பாட்டுக்கு வரவில்லை.

• ஏழு ஆண்டு காத்திருந்தால்தான் முதல் அறுவடை. இந்தச் செடியின் காலக் கணக்கை அரசாணை சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

• 1992-ல் சட்டம் மாறியது. பங்கிட்டுக் கொடுத்த நிலத்தைக் குத்தகைக்கு விடவும் விற்கவும் வழி திறந்தது.

1937 ஆகஸ்ட். மெக்சிகோ அதிபர் லாசரோ கார்டெனாஸ் அதிகாரிகள், பொறியாளர்கள் என்று ஒரு பெரும் படையுடன் யுகடான் மாநிலத் தலைநகர் மெரிடாவுக்கு வந்து இறங்கினார். ஆகஸ்ட் 8-ம் தேதி அவரது அரசாணை வெளியானது. அதுவரை சில பத்து குடும்பங்களின் பிடியில் இருந்த கற்றாழைப் பண்ணைகளை அரசு கையகப்படுத்தி, அதில் வேலை செய்தவர்களுக்கே கொடுக்கும் என்றது அந்த ஆணை.

உலக நிலச் சீர்திருத்த வரலாற்றில் இது ஒரு பெரிய நாள். பெரும்பாலான நாடுகளில் பண்ணையார்கள் உழாமல் போட்டிருந்த நிலமோ, விளைச்சல் குறைந்த ஓரத்து நிலமோதான் முதலில் பங்கிடப்படும். இங்கே ஏற்றுமதிக்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு முழுத் தொழிலின் நிலம் பங்கிடப்பட்டது. அப்படியிருந்தும் அடுத்த அரை நூற்றாண்டில் அந்த விவசாயிகளில் பெரும்பாலோர் வறுமையிலிருந்து மீளவில்லை. ஏன்?

பதில் அந்தச் செடியிலேயே இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.

எந்தச் செடி இது?

முகத்துக்குத் தேய்க்கிற சோற்றுக் கற்றாழை இல்லை. அது வேறு குடும்பம். இது அகாவே. நம்மூரில் ரயில் பாதையோரம் முள் வேலி மாதிரி நிற்குமே, ரயில் கற்றாழை, அதன் சொந்தக்காரர்கள்தான் இவை. மெக்சிகோவும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும்தான் பூர்விகம். ஒரு வகையின் அடித்தண்டை வேகவைத்து டெகீலா வடிக்கிறார்கள். இன்னொரு வகையின் மடலிலிருந்து நார் எடுத்துக் கயிறு திரிக்கிறார்கள்.

யுகடானின் செடி இரண்டாவது ரகம். பெயர் எனெகென். மாயா மொழியில் ‘கி’. அங்கிருந்து நார் ஏற்றுமதியான சிறு துறைமுகத்தின் பெயர் சைசல். இன்று உலகம் முழுக்க கற்றாழை நாருக்கு ‘சைசல்’ என்ற பெயர் நிலைத்திருப்பது அதனால்தான்.

யுகடானின் வடமேற்குப் பகுதி சுண்ணாம்புப் பாறை. மேல் மண் மெலிசு. ஆறு கிடையாது, மழைநீர் பாறைக்குள் இறங்கி நிலத்தடியில் ஓடும். நெல், கோதுமைக்கெல்லாம் அந்த மண் சரிப்படாது. கற்றாழைக்கு அதுவே போதும்.

அந்த ஊரில் நிலம் அளக்கிற அலகு ‘மெக்காத்தே’. 20 மீட்டருக்கு 20 மீட்டர், அதாவது 400 சதுர மீட்டர். 25 மெக்காத்தே சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். அந்தச் சொல்லுக்கு அர்த்தமே ‘கயிறு’தான்.

பச்சைத் தங்கம் எப்படி வந்தது?

1850-களில் மடலிலிருந்து நாரைச் சுரண்டிப் பிரிக்கும் இயந்திரம் யுகடானிலேயே உருவானது. 1870-களின் கடைசியில் அமெரிக்காவில் இன்னொரு இயந்திரம் வந்தது. அது கோதுமையை அறுத்து, கட்டாகச் சேர்த்து, கயிற்றால் முடிச்சும் போட்டுவிடும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு துண்டுக் கயிறு வேண்டும். அமெரிக்காவின், கனடாவின் கோதுமை வயல்கள் எவ்வளவு பெரியவை என்று யோசித்துப் பாருங்கள். எவ்வளவு கயிறு தேவைப்பட்டிருக்கும் என்பது புரியும்.

தேவை எகிறியது. 1870-களின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 40,000 பொதிகளாக இருந்த நார் ஏற்றுமதி, 1910 வாக்கில் 6 லட்சம் பொதிகளைத் தாண்டியது. மெரிடாவின் அகலமான சாலைகளில் பிரெஞ்சு பாணி மாளிகைகள் எழுந்தன. எனெகெனுக்கு ‘பச்சைத் தங்கம்’ என்ற பெயரும் வந்தது.

அந்தத் தங்கம் மிகச் சில கைகளில்தான் தங்கியது. 1902-ல் அமெரிக்காவின் அறுவடை இயந்திர நிறுவனங்கள் ஒன்றாக இணைந்து ‘இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர்’ ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் அந்த நிறுவனம், யுகடானின் பெரிய ஏற்றுமதியாளர் ஒலெகாரியோ மொலினாவின் நிறுவனத்துடன் ஒரு ரகசிய ஒப்பந்தம் போட்டது. நாரின் விலையைக் கீழே தள்ளுவதுதான் அதன் நோக்கம். மொலினா அப்போது யுகடானின் ஆளுநரும்கூட. பிற்பாடு மத்திய அமைச்சரும் ஆனார். வாங்குபவர் ஒருவர், விற்பவர் தரப்பின் தலையும் அவரோடு சேர்ந்துகொண்டவர். நடுத்தரப் பண்ணையார்களே இந்தப் பிடியில் திணறினார்கள் என்றால், கூலிக்காரர்கள் நிலை எப்படி இருந்திருக்கும்?

கிராமத்து நிலம் எங்கே போனது?

பண்ணைகள் வெட்டவெளியில் முளைக்கவில்லை. மாயா கிராமங்களுக்கு ஊர்ப் பொதுநிலம் இருந்தது. சோளம், பீன்ஸ், பூசணி கலந்து பயிரிடும் ‘மில்பா’ சாகுபடி அதில்தான் நடந்தது. 1856-ல் வந்த லெர்டோ சட்டம் கூட்டு உடைமையாக இருந்த நிலங்களைத் தனியார் உடைமையாக்கச் சொன்னது. தேவாலயச் சொத்துகள்தான் அதன் முதல் இலக்கு. ஆனால் அடி கிராமப் பொதுநிலத்துக்கும் விழுந்தது. தரிசு நிலச் சட்டங்களும் சேர்ந்துகொண்டன. காகிதம் இல்லாத நிலம் ‘யாருக்கும் சொந்தமில்லாத நிலம்’ ஆனது.

இதற்கு முன்பே, 1847-ல், யுகடானின் மாயா மக்கள் ஆயுதம் ஏந்தியிருந்தார்கள். ‘சாதிப் போர்’ என்று வரலாறு அழைக்கும் அந்தக் கிளர்ச்சி, கிழக்குக் காடுகளில் 1901 வரை இழுத்துக்கொண்டு போனது. வடமேற்கே பண்ணையார்களின் பிடி இறுகியது.

நிலம் போன பிறகு பண்ணை வேலை. பண்ணைக்குள்ளேயே குடியிருப்பு. கூலி பல இடங்களில் பண்ணையின் சொந்த வில்லைகளாகக் கிடைத்தது. அது பண்ணைக் கடையில் மட்டும்தான் செல்லும். கணக்குப் புத்தகத்தில் இரண்டு வகைக் கடன். அன்றாடச் சாமான்களுக்கு ‘சின்னக் கணக்கு’. கல்யாணம் போன்ற பெரிய செலவுகளுக்கு ‘பெரிய கணக்கு’. மாயா மொழியில் ‘நோஹோச்’ என்றால் பெரியது. ‘நோஹோச் குவெந்தா’ என்பதுதான் அந்தப் புகழ்பெற்ற பெரிய கணக்கு. அது தீரவே தீராது. தீராதவரை ஆள் வெளியே போக முடியாது.

நம்மூர் வார்த்தையில் சொன்னால் கொத்தடிமை. பண்ணை கைமாறும்போது ஆட்களின் கடனும் சேர்ந்து கைமாறியது. நாரின் விலை ஏறினால், ஓர் ஆளுக்கான ‘விலை’யும் ஏறியது.

உள்ளூர் ஆட்கள் போதாதபோது, வடக்கே சொனோரா மாநிலத்தில் தங்கள் நிலத்துக்காகப் போராடிய யாக்கி பழங்குடியினரை ஆயிரக்கணக்கில் நாடு கடத்திக் கொண்டுவந்தார்கள். 1905-ல் கொரியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாகச் சுமார் 1,000 பேர் கப்பலில் வந்தார்கள். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் கென்னத் டர்னர் இந்தப் பண்ணைகளை நேரில் பார்த்து எழுதிய கட்டுரைகள், மெக்சிகோ புரட்சிக்குச் சற்று முன்பு உலகத்தின் கவனத்தை இங்கே திருப்பின.

புரட்சி வந்ததும் எல்லாம் மாறியதா?

இல்லை. 1910-ல் மெக்சிகோ புரட்சி தொடங்கியது. யுகடானுக்கு அது உள்ளூர் எழுச்சியாக வரவில்லை. 1915 மார்ச்சில் ஜெனரல் சால்வடோர் அல்வராடோவின் படையோடு வெளியிலிருந்து வந்தது. அவர் கடன் அடிமை முறை ஒழிப்பை உண்மையிலேயே நடைமுறைப்படுத்தினார். அரசு கொள்முதல் அமைப்பு ஒன்றின் மூலம் நார் விற்பனை முழுவதையும் ஒரே கைக்குள் கொண்டுவந்தார். முதல் உலகப் போர் காலம். தேவை அதிகம். விலை பல மடங்கு ஏறியது. ஆனால் பண்ணைகளை அவர் உடைக்கவில்லை. தங்க முட்டை இடும் வாத்தை அறுக்க அவருக்கு மனமில்லை; புரட்சிப் படைக்கான செலவும் அந்த நாரிலிருந்துதான் வந்தது.

இதற்கிடையே 1917-ல் புதிய அரசியலமைப்பு வந்தது. அதன் 27-வது பிரிவு, நிலத்தின் மூல உரிமை தேசத்துக்கே என்றும், பெரிய பண்ணைகளைப் பிரித்துக் கிராமங்களுக்குக் கொடுக்கலாம் என்றும் சொன்னது. அப்படிக் கொடுக்கப்படும் நிலத்துக்குப் பெயர் ‘எஹிதோ’.

எஹிதோ என்றால் என்ன? நம் பட்டாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நிலம் தனி ஆளின் சொத்தாகாது. ஊர்க் குழுவுக்குக் கொடுக்கப்படும். உறுப்பினருக்கு அனுபவ உரிமை உண்டு. வாரிசு ஒருவருக்கு அதை விட்டுச் செல்லலாம். ஆனால் விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, குத்தகைக்கும் விட முடியாது. பண்ணையார் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்து வாங்கிவிடக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம்.

1922-ல் யுகடானின் ஆளுநரானார் ஃபெலிப்பே கரீயோ புவெர்த்தோ. எனெகென் மண்டலத்தின் மோத்துல் ஊர்க்காரர். பதவியேற்பு உரையை மாயா மொழியில் நிகழ்த்தினார். வியாழக்கிழமைதோறும் கிராமங்களில் நிலம் வழங்கும் நிகழ்ச்சிகள் நடந்ததால் ‘விவசாய வியாழன்’ என்றே அவற்றுக்குப் பெயர். ஆனால் அவர் கொடுத்ததில் பெரும்பகுதி சோள நிலம். விளைச்சலில் இருந்த எனெகென் தோட்டங்களில் அவரும் பெரிதாகக் கை வைக்கவில்லை. 1923-ன் இறுதியில் நாட்டில் ராணுவக் கிளர்ச்சி வெடித்தது. 1924 ஜனவரி 3 அன்று மெரிடா கல்லறைத் தோட்டத்தில் கரீயோ புவெர்த்தோ, தன் சகோதரர்கள் மூவருடனும் ஆதரவாளர்களுடனும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1937-ல் உண்மையில் என்ன நடந்தது?

கார்டெனாஸ் 1934-ல் அதிபரானார். 1940 வரையிலான அவரது ஆட்சியில் மெக்சிகோ முழுக்கச் சுமார் 1.8 கோடி ஹெக்டேர் நிலம் பங்கிடப்பட்டது. 1936-ல் லா லகூனா பகுதியின் பருத்தி நிலங்கள். அடுத்தது யுகடான்.

இங்கே ஒரு சட்டச் சிக்கலும் இருந்தது. பண்ணைக்குள்ளேயே குடியிருந்த கூலியாட்களுக்கு 1920-களின் விவசாயச் சட்டங்கள் நிலம் கேட்டு மனுப் போடும் உரிமையைத் தரவில்லை. கிராமத்தில் வாழ்பவருக்குத்தான் உரிமை. அதாவது, யார் அந்தத் தோட்டத்தில் அதிகம் உழைத்தார்களோ அவர்களுக்கே அது இல்லை. 1934-லும் 1937-லும் சட்டம் மாற்றப்பட்ட பிறகுதான் அவர்களுக்கும் வழி திறந்தது.

பண்ணையாருக்கு 150 ஹெக்டேர் எனெகென் தோட்டமும் கொஞ்சம் வேறு நிலமும் மிச்சம். பண்ணை மாளிகையும் அவருக்கே. மீதியெல்லாம் எஹிதோ.

காகிதத்தில் பார்த்தால் கச்சிதமான திட்டம். சிக்கல் வயலில் இறங்கியபோது தெரிந்தது.

சிக்கல் 1: செடியின் வயது

எனெகென் நட்டால் முதல் மடல் வெட்ட ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதன் பிறகு சுமார் 15 முதல் 20 ஆண்டுகள் வரை மடல் தரும். பிறகு பூத்தண்டு நீளும், செடி முடிந்துபோகும். நெல் மாதிரி இந்தப் போகம் போனால் அடுத்த போகம் என்ற கதையே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செடியின் ஆயுள் 25 ஆண்டு. அதில் முதல் 7 ஆண்டு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 100 ஹெக்டேர் பண்ணை நிலையாக ஓட வேண்டும் என்றால், ஒவ்வோர் ஆண்டும் 4 ஹெக்டேரில் புதிதாக நட வேண்டும். எந்த நேரத்திலும் 28 ஹெக்டேர் வளர்ந்துகொண்டு மட்டும் இருக்கும். 72 ஹெக்டேர்தான் மடல் தரும். பண்ணையார்கள் தலைமுறைகளாக இந்தச் சமநிலையை வைத்துத்தான் தொழில் நடத்தினார்கள்.

அரசு நிலத்தை வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்தது. கோடு பரப்பளவைப் பார்க்கும், செடியின் வயதைப் பார்க்காது. ஓர் எஹிதோவுக்குக் கிடைத்தது எல்லாம் கிழட்டுச் செடி. இரண்டே ஆண்டில் காலி. பக்கத்து எஹிதோவுக்குக் கிடைத்தது எல்லாம் இளஞ்செடி. ஐந்தாறு ஆண்டுகள் வரை வருமானமே இல்லை. காகிதத்தில் இருவருக்கும் சம பங்கு. அடுப்பில் உலை ஏறும் கணக்கு வேறு.

நல்ல விலை இல்லாத காலத்தில், அதுவும் 1930-களின் பெருமந்தத்தில், பல பண்ணையார்கள் புதிதாக நடுவதையே குறைத்திருந்தார்கள். நிலம் எப்படியும் போகப் போகிறது என்று தெரிந்தால் யார் ஏழு ஆண்டு முதலீடு செய்வார்கள்?

சிக்கல் 2: இயந்திரம்

வெட்டிய மடலை அதிக நேரம் வைத்திருக்க முடியாது; காய்ந்தால் நார் கெட்டுவிடும். சீக்கிரமே இயந்திரத்துக்குப் போக வேண்டும். அதோடு, மடலின் எடையில் நார் வெறும் 3 முதல் 4 சதவீதம்தான். 100 கிலோ மடல் வெட்டினால் 3 அல்லது 4 கிலோ நார். மீதியைத் தூரத்துக்குச் சுமந்து போவது வீண் செலவு. அதனால் இயந்திரம் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு ஆலை, மடல் ஏற்றிவரச் சின்னத் தண்டவாளம் என்று முழு அமைப்பும் அப்படித்தான் கட்டப்பட்டிருந்தது.

கரும்பு விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். வெட்டிய கரும்பு காத்திருக்காது, ஆலைதான் ராஜா.

இந்த ஆலைகள் யாருக்கு என்பதில் கார்டெனாஸ் ஆட்சிக்காலத்திலேயே இழுபறி தொடங்கிவிட்டது. கடைசியில் 1940-களில் அவை பழைய உரிமையாளர்களிடமே இருந்தன. விவசாயி தன் மடலைப் பழைய பண்ணையாரின் ஆலைக்கே கொண்டுபோய், நார் பிரிக்கக் கட்டணம் கொடுக்க வேண்டியிருந்தது. நிலத்தில் போன அதிகாரம் ஆலையில் திரும்பி வந்தது.

சிக்கல் 3: யார் யாருக்குள் பங்கு?

பண்ணையிலேயே பிறந்து வளர்ந்த கூலியாட்கள் ஒரு பக்கம். பக்கத்துக் கிராமத்தில் வாழ்ந்து, தங்கள் முன்னோரின் பொதுநிலத்தைப் பண்ணை விழுங்கிவிட்டது என்று சொன்னவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் அதே தோட்டத்தைக் கேட்டன. இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. அரசு இருவரையும் ஒரே எஹிதோ பட்டியலில் சேர்த்தபோது, ‘நேற்று வந்தவனுக்கு ஏன் பங்கு?’ என்ற கேள்வி இருபுறமும் எழுந்தது. பட்டியல் நீள நீள ஆளுக்குக் கிடைக்கும் வேலை நாள் குறைந்தது.

வங்கி எப்படி ‘புதிய பண்ணையார்’ ஆனது?

சமநிலை இல்லாத எஹிதோக்களைச் சரிசெய்ய 1938-ல் ஒரு தீர்வு வந்தது. எல்லா எஹிதோக்களையும் ஒரே பெரிய எஹிதோவாக்கி, ‘எனெகெனேரோஸ் தெ யுகடான்’ என்ற அமைப்பின் கீழ் மாநில அரசு நடத்தும். கிழட்டுச் செடி உள்ளவரும் இளஞ்செடி உள்ளவரும் ஒரே தொகுப்பில் வந்தால் வருமானம் சமமாகும் என்பது யோசனை.

யோசனை தவறில்லை. ஆனால் விளைவு வேறு மாதிரி ஆனது. எப்போது நடுவது, எப்போது வெட்டுவது, எவ்வளவுக்கு விற்பது எல்லாவற்றையும் மெரிடா அலுவலகம் முடிவு செய்தது. விவசாயிக்கு வாராவாரம் ‘முன்பணம்’ வந்தது. வருங்கால லாபத்தில் கழித்துக்கொள்ளும் தொகை என்று பெயர். பெரும்பாலும் லாபம் வராது, முன்பணமே கூலி ஆகிவிடும். கடன் புத்தகத்தில் தொடங்கிய கதை கடன் புத்தகத்திலேயே தொடர்ந்தது. புத்தகம் வைத்திருப்பவர்தான் மாறினார்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பிலிப்பைன்ஸைக் கைப்பற்றியதும், ஆசிய நார் அமெரிக்காவுக்குப் போவது நின்றது. யுகடானுக்கு மறுபடி நல்ல காலம். ஆனாலும் உச்சத்தில் வந்த பணத்தில் எஹிதோ விவசாயிகளுக்குக் கிடைத்தது சொற்பம். 1955-ல் அந்த அமைப்பு கலைக்கப்பட்டது. அடுத்து மத்திய அரசின் எஹிதோ கடன் வங்கி நேரடியாக வந்தது. விவசாயிகள் வங்கியை முதலாளி என்றே பார்த்தார்கள். சட்டப்படி அவர்கள் நிலத்தின் பயனாளிகள்; நடைமுறையில் வங்கியின் கூலியாட்கள்.

1960-களில் கயிறு ஆலைகள் ‘கோர்டெமெக்ஸ்’ என்ற நிறுவனமாக ஒன்றிணைந்தன. 1964-ல் அரசு அதை வாங்கியது. இனி நாரிலிருந்து கயிறு வரை எல்லாம் அரசிடம். ஆனால் அதற்குள் சந்தை நகர்ந்துவிட்டது. அறுத்துக்கொண்டே தானியத்தைப் பிரிக்கும் கம்பைன் இயந்திரம் வந்த பிறகு, கோதுமைக் கட்டுக்குக் கயிறே தேவையில்லை. பிரேசிலும் கிழக்கு ஆப்பிரிக்காவும் சைசல் நாரில் போட்டிக்கு வந்தன. அடுத்து பிளாஸ்டிக் கயிறு.

அப்போதும் அரசு பணத்தை ஊற்றிக்கொண்டே இருந்தது. நிறுத்தினால் பல்லாயிரம் குடும்பங்களின் வாராந்திர வருமானம் நின்றுவிடும், ஓட்டும் போய்விடும். பட்டியலில் பெயர் இருப்பவர்கள் எண்ணிக்கை, தோட்டத்துக்குத் தேவையான ஆட்களைவிட மிக அதிகம். ஒரு விவசாயத் திட்டம் மெல்ல மெல்ல ஒரு நிவாரணத் திட்டமாக மாறியது. 1990-களின் தொடக்கத்தில் கோர்டெமெக்ஸ் தனியாருக்குப் போனது. கூடவே அந்த முறையும் முடிவுக்கு வந்தது.

1992: கதவு மறுபக்கமும் திறந்தது

1992-ல் அதிபர் கார்லோஸ் சலினாஸ் அரசு 27-வது பிரிவைத் திருத்தியது. மூன்று மாற்றங்கள் முக்கியம். ஒன்று, அரசு இனி புதிதாக நிலம் பங்கிடாது. இரண்டு, எஹிதோ உறுப்பினர் தன் பங்கைக் குத்தகைக்கு விடலாம். மூன்று, எஹிதோ சபை வாக்கெடுப்பில் ஒப்புக்கொண்டால் அதை முழுத் தனியுடைமையாக்கி விற்கவும் செய்யலாம்.

ஆதரித்தவர்கள், விவசாயிக்கு இப்போதுதான் உண்மையான உரிமை கிடைத்தது என்றார்கள். எதிர்த்தவர்கள், நெருக்கடியில் இருப்பவரிடம் விற்கும் உரிமையைக் கொடுத்தால் அவர் விற்கத்தான் செய்வார் என்றார்கள். யுகடானில் இரண்டுமே நடந்தது. பாழடைந்த பண்ணை மாளிகைகள் சில சொகுசு ஹோட்டல்களாகின. மெரிடா நகரம் வீங்கியபோது, சுற்றியிருந்த முன்னாள் எனெகென் எஹிதோக்கள் வீட்டுமனைகளாக மாறின. குறைந்த விலைக்குக் கைமாறிய மனை, சில ஆண்டுகளில் பல மடங்குக்கு மறுவிற்பனையாவது அங்கே பழகிப்போன கதை.

டெகீலா நாட்டில் என்ன கதை?

யுகடானிலிருந்து வெகு தொலைவில், மேற்கு மெக்சிகோவில் ஹலிஸ்கோ மாநிலம். இங்கே நீல அகாவே. நாருக்கு இல்லை, டெகீலாவுக்கு. கார்டெனாஸ் காலத்தில் இங்கும் பண்ணைகள் உடைந்து எஹிதோக்கள் உருவாகின. 1974-ல் டெகீலாவுக்குப் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. 2006-ல் அதன் அகாவே நிலக்காட்சி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

சந்தை உண்டு, பிராண்ட் உண்டு. இருந்தாலும் அதே காலக் கணக்கு இங்கேயும் கழுத்தைப் பிடிக்கிறது. அகாவே முற்ற ஆறு முதல் எட்டு ஆண்டுகள். இன்று விலை நன்றாக இருக்கிறதே என்று எல்லோரும் நடுவார்கள். அறுவடைக்கு வரும்போது சந்தை நிரம்பி வழியும், விலை விழும். நடுவதை நிறுத்துவார்கள். சில ஆண்டுகளில் தட்டுப்பாடு. 2000 வாக்கில் அப்படியொரு பெரும் தட்டுப்பாடு வந்தது.

அதன் பிறகு பெரிய டெகீலா நிறுவனங்கள் வழி மாற்றின. அகாவேயை விவசாயியிடம் வாங்குவதற்குப் பதிலாக, அவருடைய நிலத்தையே ஒரு செடிச் சுழற்சிக் காலத்துக்குக் குத்தகைக்கு எடுத்துத் தாங்களே பயிரிட்டன. ஆய்வாளர்கள் இதைத் ‘தலைகீழ் குத்தகை’ என்கிறார்கள். வழக்கமாகப் பணக்காரர் நிலத்தை ஏழை குத்தகைக்கு எடுப்பார்; இங்கே ஏழையின் நிலத்தைப் பணக்காரர் எடுக்கிறார். வாடகை உறுதி, விலை வீழ்ச்சி பற்றிய கவலை இல்லை என்பதால் பல விவசாயிகள் விரும்பியே ஒப்புக்கொள்கிறார்கள். சிலர் தங்கள் சொந்த நிலத்திலேயே நிறுவனத்துக்குக் கூலி வேலை பார்க்கிறார்கள்.

ஆண்டு வாரியாக

1847: யுகடானில் மாயா கிளர்ச்சி தொடக்கம்.
1856: பொது நிலங்களைத் தனியுடைமையாக்கும் லெர்டோ சட்டம்.
1902: மொலினா – இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ரகசிய ஒப்பந்தம்.
1915: அல்வராடோ வருகை, கடன் அடிமை முறைக்கு நடைமுறையில் முடிவு.
1917: அரசியலமைப்பின் 27-வது பிரிவு.
1924: கரீயோ புவெர்த்தோ கொலை.
1937: எனெகென் பண்ணைகளைக் கையகப்படுத்தும் கார்டெனாஸ் ஆணை.
1938: பெரிய எஹிதோ உருவாக்கம்.
1964: கோர்டெமெக்ஸ் அரசுடைமை.
1992: 27-வது பிரிவு திருத்தம், நிலப் பங்கீடு முடிவு.

இந்தியாவோடு ஒப்பிட்டால்?

நீண்ட காலத் தோட்டப் பயிர்களை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வியை இந்தியா பெரும்பாலும் தவிர்த்தது. நாட்டிலேயே தீவிரமான நிலச் சீர்திருத்தம் என்று பேசப்படும் கேரளச் சட்டமே தேயிலை, காபி, ரப்பர், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு அளித்தது. துண்டாடினால் தொழில் அழியும் என்பது வாதம். அதன் விலையைக் கொடுத்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். மூணாறு எஸ்டேட் லயங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு இன்றும் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லை.

மெக்சிகோ தோட்டங்களைப் பங்கிட்டது, அதற்குள் இருந்த தொழிலை விவசாயியிடம் ஒப்படைக்கவில்லை. இந்தியா தொழிலைக் காப்பாற்றியது, அதில் உழைத்தவருக்கு நிலத்தைக் கொடுக்கவில்லை.

யுகடான் சோதனையைத் ‘தோல்வி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுபவர்கள் உண்டு. அது நியாயமில்லை. மனிதரைக் கடனோடு சேர்த்து விற்ற ஒரு பண்ணை முறை, ஒரே தலைமுறையில் முடிவுக்கு வந்தது. பண்ணைக் குடிசையில் பிறந்தவருக்கு முதன்முறையாக அரசிடம் உரிமை கேட்கும் இடம் கிடைத்தது. அவரது பேரப்பிள்ளைகள் இன்று எஹிதோ சபையில் அமர்ந்து, மனைக்கு விற்பதா வேண்டாமா என்று வாக்களிக்கிறார்கள். அந்த வாக்கே 1937-ன் மிச்சம்தான்.

அடுத்த முறை எங்கேயாவது ‘நிலம் வழங்கப்பட்டது’ என்று தலைப்புச் செய்தி பார்த்தால், எத்தனை ஏக்கர் என்பதோடு இன்னும் நான்கு விஷயங்களையும் தேடிப் பாருங்கள். முதல் விளைச்சல் வரும்வரை அந்தக் குடும்பம் எதை வைத்துச் சாப்பிடும்? ஆலையோ இயந்திரமோ யாருடையது? கடன் கொடுப்பவர் யார்? விளைந்ததை வாங்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? யுகடான் விவசாயிகளுக்கு நிலம் கொடுக்கப்பட்ட நாளில், இந்த நான்குக்கும் அவர்களிடம் பதில் இல்லை.